அரை நூல் வித்தியாசம்: எலெக்ட்ரிக் கிட்டார் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஸ்க்ரூ போட்ட நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, பற்றியவை. 1950-இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் தன் கெட்டி உடல் கிட்டாரில் நெக்கைப் பசையால் ஒட்டாமல், பின்பக்கம் நாலு ஸ்க்ரூவால் பிடித்து விற்கத் தொடங்கியதிலிருந்து, அதைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வாசிப்பவர்களை விட்டதில்லை. ஆசையில் தப்பில்லை. எதற்காகக் கழற்றுகிறோம் என்று முதலில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

*

கேள்வி: ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை கிட்டார். பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் ஆறு சேடிலையும் தகட்டில் படியும்வரை இறக்கிவிட்டேன். அப்படியும் 12-வது ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஆறாவது, அதாவது மிகத் தடித்த கம்பி 2.6 மி.மீ. உயரம். நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை இறுக்கினால் கம்பி இறங்கும் என்று நண்பர் சொன்னார். ஒரு முழுச் சுற்று இறுக்கினேன். இப்போது முதல் மூன்று ஃப்ரெட்டில் கரகரக்கிறது, மேலே உயரம் குறையவில்லை. நெக்குக்கு அடியில் அட்டை வைத்தால் சத்தம் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நண்பர் மீது கோபம் வேண்டாம், ஊரில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ட்ரஸ் ராடு நெக்கை வளைக்கும், நிமிர்த்தும். அதைத் தாண்டி அதற்கு வேலை கிடையாது. அதன் பலம் பெரும்பாலும் முதல் ஃப்ரெட்டுக்கும் 12-வது ஃப்ரெட்டுக்கும் நடுவில்தான் தெரியும். உடலுக்குள் உட்கார்ந்திருக்கும் பகுதியை அது அசைக்காது. உங்களுக்கு நடந்தது இதுதான்: நெக் பின்பக்கமாக வளைந்து முதல் ஃப்ரெட்களில் கம்பி உரசுகிறது, உடல் அருகே உயரம் அப்படியே நிற்கிறது. உங்கள் கிட்டாரில் கோளாறு வளைவில் இல்லை, நெக் உட்கார்ந்திருக்கும் சாய்வில் இருக்கிறது.

முதலில் ராடைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ராடின் முனையில் உள்ள நட்டை நேருக்கு நேர் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும். ஒரு நேரத்தில் கால் சுற்று, பிறகு ஸ்ருதி சேர்த்துப் பார்ப்பது, அடுத்த கால் சுற்று. கீழை நாட்டுக் கிட்டார்களுக்குப் பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீ, அதாவது பட்டறையில் எல்என் கீ என்பார்களே, அது பொருந்தும். லொடலொடவென்று ஆடும் கீயைப் போட்டுத் திருப்பினால் நட்டின் உள்முனை மழுங்கிவிடும், பிறகு வைத்தியம் பெரிது.

எவ்வளவு வளைவு வேண்டும் என்பதைக் கண்ணால் தீர்மானிக்காதீர்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, ஆறாவது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் ஒரு விரலால் அழுத்துங்கள். இப்போது கம்பியே உங்களுக்கு மட்டக்கோல். 8-வது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள சந்தில் ஃபீலர் கேஜ் தகட்டை விடுங்கள். பைக் மெக்கானிக் டாப்பெட் பார்க்க வைத்திருக்கிறாரே, அதே கேஜ்தான். எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். 0.25 மி.மீ. தகடு கம்பியைத் தூக்காமல், அதே சமயம் லேசாகத் தொட்டுக்கொண்டு நுழைந்தால் சரி. விரல்பலகையின் குறுக்கு வளைவு 9.5 முதல் 12 அங்குல ஆரம் உள்ள கிட்டாருக்கு இந்த அளவு. பழைய பாணி 7.25 அங்குலமானால் 0.3 வரை விடலாம்.

வளைவு சரியான பிறகு 12-வது ஃப்ரெட்டில் மறுபடி அளந்து பாருங்கள். இன்னும் 2.6 நின்றால் ஷிம், அதாவது நெக்குக்கு அடியில் மெல்லிய துண்டு, வைக்கத்தான் வேண்டும். கணக்கு இப்படி: ஆறாவது கம்பிக்கு 1.8 மி.மீ. போதும் என்று வையுங்கள். 12-வது ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி. அங்கே 0.8 குறைய வேண்டுமானால் பிரிட்ஜில் அதன் இரட்டிப்பு, 1.6 குறைய வேண்டும். சேடில் தகட்டில் ஒட்டாமல் மேலே கீழே போக இன்னொரு 1 மி.மீ. இடம் வேண்டும். ஆக 2.6. நெக்கின் அடிப்பாகம் சுமார் 76 மி.மீ. நீளம், அதன் முன் விளிம்பிலிருந்து பிரிட்ஜ் சுமார் 257 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதனால் பாக்கெட்டின் (உடலில் நெக் உட்காரும் பள்ளம்) பின்கோடியில், பிரிட்ஜ் பக்கம், வைக்கும் தடிப்பு பிரிட்ஜில் மூன்றிலிருந்து மூன்றரை மடங்காகப் பெருகும். 0.25 மி.மீ. ஷிம் வைத்தால் சுமார் 0.8 மி.மீ. கிடைக்கும் என்று ஃபெண்டரின் செட்டப் குறிப்பும் சொல்கிறது. உங்களுக்கு 0.75 மி.மீ. தேவை. அது ஒரு ஏடிஎம் கார்டின் தடிப்பு.

அதற்காக ஏடிஎம் கார்டை நறுக்கிப் பின்கோடியில் வைத்துவிடாதீர்கள். 0.25 என்றால் கல்யாணப் பத்திரிகை அட்டையில் 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு போதும், தப்பில்லை. முக்கால் மி.மீ. துண்டை ஓரத்தில் மட்டும் வைத்தால் அதற்கும் முன் விளிம்புக்கும் நடுவே வெற்றிடம் விழும். நாலு ஸ்க்ரூவும் அந்த வெற்றிடத்துக்குள் நெக்கை இழுக்கும். சில மாதங்களில் 16-வது ஃப்ரெட்டிலிருந்து விரல்பலகை மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். அந்த மேட்டை ஃப்ரெட் ராவித்தான் சரிசெய்ய வேண்டும். அதனால் பாக்கெட் முழுவதும் படியும் ஆப்பு வடிவ ஷிம் செய்யுங்கள்.

பிளைவுட் கடையில் 1 மி.மீ. வெனீர் துண்டு கேளுங்கள். 76 × 56 மி.மீ. வெட்டி, மட்டமான மரக்கட்டையில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். கண்ணாடி மேல் 120-ஆம் நம்பர் உப்புத்தாள். வெனீரில் குறுக்காகப் பென்சிலால் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒரு முனையில் மட்டும் அழுத்தித் தேயுங்கள். கோடுகள் அந்த முனையிலிருந்து ஒவ்வொன்றாக மறைய வேண்டும். நடுக்கோடு முதலில் மறைந்தால் கட்டை சாய்கிறது என்று பொருள். ஒரு முனை காகிதமாக மெலிந்து, மறுமுனை 0.75-க்கு வரும்போது நிறுத்துங்கள். வெர்னியர் இல்லையென்றால் ஏடிஎம் கார்டைப் பக்கத்தில் வைத்து நகத்தால் தடவிப் பாருங்கள், படி தட்டக் கூடாது.

இனி கழற்றுவது. கம்பிகளைத் தளர்த்தி முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிவிட்டால் அவிழ்ந்து சிக்காது. இரண்டாம் நம்பர் ஸ்டார் டிரைவர், முனை தேயாதது. நாலு ஸ்க்ரூவையும் ஓர் அட்டையில் அதே வரிசையில் குத்தி வையுங்கள். நெக்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பிடுங்காதீர்கள். நேராக மேலே தூக்குங்கள், இல்லாவிட்டால் பாக்கெட் ஓரத்தில் பெயின்ட் பெயரும். உள்ளே பாருங்கள். பெயின்ட் கட்டி, மரத்தூள், யாரோ எப்போதோ வைத்த அட்டை ஏதாவது இருக்கலாம். பல சமயம் நோயே அதுதான். கிடந்ததைச் சுத்தம் செய்து, ஷிம் இல்லாமல் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

ஆப்பின் தடித்த பக்கம் பிரிட்ஜ் இருக்கும் திசையில். பசை வேண்டாம். ஸ்க்ரூவில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். 'டக்' என்று பழைய மரையில் விழும். அங்கிருந்து முறுக்குங்கள். குறுக்காக ஒன்று மாற்றி ஒன்று, கையால் இறுகும்வரை. பிறகு முழு ஸ்ருதிக்கு ஏற்றி, நாலையும் கால் சுற்று தளர்த்துங்கள். கம்பியின் இழுப்பில் நெக் 'கிட்' என்ற சத்தத்தோடு பாக்கெட்டில் இறுகி உட்காரும். உடனே மறுபடி முறுக்கிவிடுங்கள்.

சேடில்களை இப்போது உயர்த்த வேண்டியிருக்கும், அதற்குத்தானே இவ்வளவும். 17-வது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. வையுங்கள். ஆசாரி கணக்கில் சொன்னால் அரை நூல். சேடில் உயரம் மாறியதால் இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்ருதி சரியாக நிற்பது), கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் உயரத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால், பழைய பாணி ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஆறாவது கம்பியில் 2.4, முதல் கம்பியில் 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

சத்தம் கெடுமா என்ற கேள்விக்கு: ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே பழைய கிட்டார்களில் ஷிம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். முழுதாகப் படியும் மரத்துண்டால் சத்தம் கெட்டது என்று, கிட்டாரைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுச் சொல்லக்கூடியவர் அபூர்வம். ரப்பர், துணி, ஃபோம் டேப் மட்டும் கூடாது. அவை அமுங்கும், நாளுக்கு நாள் கோணம் மாறும்.

*

கேள்வி: பண்ருட்டிப் பலா மரத்துண்டு நிறைய இருக்கிறது. ஷிம்முக்கு ஆகுமா?
– பண்ருட்டி வாசகி

பதில்: தாராளமாக. வீணைக் குடத்தையும் மிருதங்கக் கட்டையையும் தாங்குகிற மரம் முக்கால் மி.மீ. ஆப்பாக இருக்க மாட்டேன் என்றா சொல்லும்? நன்றாகக் காய்ந்ததா என்று மட்டும் பாருங்கள். பச்சை மரம் மாட்டிய பிறகு சுருங்கும், ஸ்க்ரூ தளரும்.

*

கேள்வி: முதல் கம்பி அடிக்கடி விரல்பலகை ஓரத்திலிருந்து வழுக்கி விழுகிறது. ஆறாவது கம்பிப் பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது. பிரிட்ஜை மாற்ற வேண்டுமா?
– முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி

பதில்: வேண்டாம், காசு மிச்சம். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு ஓரக் கம்பிகளுக்கும் விரல்பலகை விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒன்றரை மி.மீ.க்குள் என்றால் நெக்கைத் தள்ளியே சரிசெய்யலாம்.

கிட்டார் ஸ்ருதியில் இருக்கட்டும். நாலு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்தி, மடியில் வைத்து, ஒரு கையால் உடலை இடுப்போடு அணைத்துக்கொண்டு மறு கையால் ஹெட்ஸ்டாக்கை (நெக்கின் தலைப்பகுதி) மேல்நோக்கி, உங்கள் முகத்தை நோக்கித் தள்ளுங்கள். கம்பியை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டுமோ, அந்தப் பக்கமே ஹெட்ஸ்டாக் போக வேண்டும். இதில்தான் நிறையப் பேர் தலைகீழாகச் செய்து நிலைமையை மோசமாக்குகிறார்கள். ஹெட்ஸ்டாக் 2 மி.மீ. நகர்ந்தால் மேல் ஃப்ரெட்களில் கம்பி ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நகரும். அங்கேயே பிடித்துக்கொண்டு, இன்னொருவரை முறுக்கச் சொல்லுங்கள்.

தள்ளியது நிற்காமல் பழைய இடத்துக்கே திரும்பினால், உடலில் உள்ள துளையிலும் ஸ்க்ரூ மரை கடிக்கிறது என்று அர்த்தம். சரியான அமைப்பில் ஸ்க்ரூ உடலின் துளையில் கையால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும், நெக் மரத்தில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் முடியளவு சந்து நிற்கும். 8-ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு உடல் துளையை 4.5 மி.மீ. பிட்டால் பெரிதாக்குங்கள். விலை குறைந்த கிட்டார்களில் இந்த ஒரு வேலையிலேயே ஓசை நீளுவதையும் ஸ்ருதி நிலைப்பதையும் பார்க்கலாம்.

நெக் பாக்கெட்டில் துளிகூட அசையாமல் இறுக்கமாக இருந்தால் ஓரத்தைத் தேய்க்காதீர்கள். அப்போது குறை தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டின் (ட்ரஸ் ராடு நட் அல்ல) பள்ளத்திலோ பிரிட்ஜ் பொருத்தியதிலோ இருக்கும்.

*

கேள்வி: நெக் ஸ்க்ரூ ஒன்று முடிவில்லாமல் சுற்றுகிறது. மற்றவை துருப்பிடித்திருக்கின்றன. வீடு துறைமுகத்துக்குப் பக்கம்.
– கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: உப்புக்காற்றில் துரு வருவது இயல்பு. துருப்பிடித்த ஸ்க்ரூவை முரட்டுத்தனமாகத் திருப்பியதில் நெக்கின் மரை போயிருக்கும். துரு ஸ்க்ரூவைக் கழற்றும்போது சாலிடரிங் அயர்ன் முனையை அதன் தலையில் ஒரு நிமிடம் வைத்தால் மரத்தின் பிடி தளரும். அதன் பிறகு திருப்புங்கள்.

கச்சேரி இன்று சாயங்காலம் என்றால் பல் குச்சி இரண்டை ஃபெவிகாலில் நனைத்துத் துளையில் இறுக்கி, வெளியே நீட்டுவதை நறுக்கி, ஸ்க்ரூவை மாட்டலாம். அது ஒப்பேற்றுதல். முறையான வழி, துளையைப் பெரிதாக்கிக் கெட்டி மரத்தில் முளை அடித்து ஒட்டுவது. கடையில் விற்கும் உருண்டைக் குச்சியில் மர இழை நீளவாக்கில் ஓடும். அதன் தலைப்பக்கத்தில் ஸ்க்ரூ இறங்கினால் பிடி குறைவு. பலகையிலிருந்து இழை குறுக்காக ஓடும்படி வெட்டிய முளை சிறந்தது. 24 மணி நேரம் காயவிட்டு 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போடுங்கள். பிட்டில் ஆழத்துக்கு அடையாளமாக டேப் சுற்றுங்கள். நெக்கின் அடிப்பாகம் விரல்பலகையோடு சேர்த்தே சுமார் 25 மி.மீ.தான். டேப் சுற்றாமல் துளைத்து, 18-வது ஃப்ரெட் அருகே பிட்டின் மூக்கு எட்டிப் பார்த்த நெக்குகள் ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

புது ஸ்க்ரூ 45 மி.மீ. நீளம், ஸ்டெயின்லெஸ். மெழுகு மறக்க வேண்டாம்.

*

கேள்வி: என் கிட்டாரில் ட்ரஸ் ராடு நட், நெக்கின் அடிமுனையில் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நெக்கைக் கழற்றத்தான் வேண்டுமா?
– நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: பழைய ஃபெண்டர் பாணி அது. முழுதாகக் கழற்ற வேண்டாம். கம்பியைத் தளர்த்தி, பிரிட்ஜ் பக்கத்து இரண்டு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, மற்ற இரண்டைச் சில சுற்று தளர்த்தினால் நெக் மேலே சாயும், சிலுவைப் பள்ளம் உள்ள நட் தெரியும். அகலமான தட்டை டிரைவரால் எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, மாட்டி, அளந்து, தேவையானால் மறுபடி. நட்டின் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி வைத்துக்கொண்டால் எவ்வளவு திருப்பினீர்கள் என்பது மறக்காது. மூன்று தடவை கழற்ற வேண்டிவரும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

*

கேள்வி: பின்தகட்டில் ஸ்க்ரூக்களுக்கு நடுவே சின்ன ஓட்டை, உள்ளே ஆலன் தலை தெரிகிறது. எதற்கு?
– லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி

பதில்: மைக்ரோ டில்ட். 1970-களில் ஃபெண்டர் போட்ட ஏற்பாடு. ஷிம் இல்லாமலே சாய்வை மாற்றும். அந்த ஓட்டைக்கு இருபுறமும் உள்ள இரண்டு நெக் ஸ்க்ரூவை நாலு முழுச் சுற்று தளர்த்திய பிறகுதான் 1/8 அங்குல ஆலன் கீயால் அதைத் தொட வேண்டும். கால் சுற்று முறுக்கினால், 0.25 மி.மீ. ஷிம் கணக்கு போலவே, சேடிலை உயர்த்தச் சுமார் 0.8 மி.மீ. இடம் கிடைக்கும். தளர்த்தாமல் முறுக்கினால் நெக் மரத்தில் குழி விழும்.

*

கேள்வி: கார்த்திகை மாதம் செட்டப் செய்த கிட்டார் சித்திரையில் கரகரக்கிறது. ஏசி அறையில்தான் வைத்திருக்கிறேன். ஷிம்மை மாற்ற வேண்டுமா? இடையில் 9-42 கம்பி செட்டிலிருந்து தடித்த 10-46-க்கும் மாறினேன்.
– ரெட்டியார்பாளையம் வாசகி

பதில்: ஷிம்மைத் தொடாதீர்கள். சாய்வு பருவத்துக்குப் பருவம் மாறுவதில்லை; வளைவுதான் மாறும். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் ஊறிய மரத்தை ஏசி அறை வேகமாக உலர்த்துகிறது. அதே நேரத்தில் கம்பியின் மொத்த இழுப்பும் சுமார் 38 கிலோவிலிருந்து 46 கிலோவாக ஏறியிருக்கிறது. இழுப்பு கூடினால் நெக் முன்பக்கம் வளைய வேண்டும், கரகரப்பு குறைய வேண்டும். உங்களுக்கு மாறாக நடக்கிறது என்றால் மரம் தன் பங்குக்கு வேறு திசையில் போயிருக்கிறது. எனவே யூகம் வேண்டாம். கேப்போ, ஃபீலர் கேஜ், 8-வது ஃப்ரெட். சந்து 0.1-க்குக் கீழே என்றால் ராடைக் கால் சுற்று தளர்த்தி ஓர் இரவு விட்டுவிடுங்கள். 0.25 இருந்தும் கரகரத்தால் எந்த ஃப்ரெட்டில் என்று குறித்து எழுதுங்கள். ஒரே இடத்தில் மட்டும் என்றால் அந்த ஃப்ரெட் தூக்கியிருக்கும். உடனே சுத்தியலை எடுக்காமல் மட்டக்கோல் வைத்துப் பாருங்கள்.

தடித்த கம்பி தலைப்பக்க நட்டின் பள்ளத்தில் சரியாக இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். 3-வது ஃப்ரெட்டை அழுத்தினால் முதல் ஃப்ரெட் மேல் கம்பி ஒரு காகிதம் நுழையும் அளவுக்கே நிற்க வேண்டும். பள்ளத்தின் மேலே மிதந்தால் கீழ் ஃப்ரெட்களில் ஸ்ருதி கூர்மையாகும்.

*

கேள்வி: நெக் ஸ்க்ரூவைப் பவர் டிரில்லால் முறுக்கலாமா? நேரம் மிச்சமாகுமே.
– அரியாங்குப்பம் வாசகர்

பதில்: கூடாது. மூன்று நிமிடம் மிச்சமாகும்; அதன் பிறகு மேலே முதுநகர் வாசகருக்குச் சொன்ன முளை வேலையை நீங்களும் செய்ய வேண்டிவரும்.